ஆயிரக்கணக்கான கோப்புகளின் விவரத்தைப் பைதனில் சட்டென்று எடுப்பது எப்படி?

ஹட்டன் டவுனில் தோட்ட மக்களுக்குப் பத்திர வேலைகள் செய்து கொடுக்கும் ஒரு சிறிய நிலையத்தில், சனிக்கிழமைகளில் உதவி செய்கிறேன். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, ஊழியர் சேமலாப நிதிப் படிவம் என்று மக்கள் கொண்டு வருவதையெல்லாம் ஸ்கேன் செய்து ஒரு கொம்பியூட்டரில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். கோப்புகள் 60,000ஐத் தாண்டிவிட்டன.

ஒரு நாள் பொகவந்தலாவைப் பக்கமிருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா வந்தார். அவருடைய பிறப்புப் பத்திரத்தின் ஸ்கேனைத் திறந்தால் ஒன்றுமே இல்லை. கோப்பு இருக்கிறது, பெயர் சரி, அளவு 0 பைட். மழையில் இரண்டு பஸ் மாறி வந்தவரை, பத்திரத்தை எடுத்துக்கொண்டு இன்னொரு நாள் வரச் சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. இப்படி இன்னும் எத்தனை கிடக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்று அன்றைக்கே பைதனில் ஒரு நிரல் எழுதினேன். பக்கத்து அறையிலிருந்து வைஃபையில் ஓட்டினேன். அரை மணி நேரத்துக்கு மேல் ஓடியது. முடியும் முன்பே கரண்ட் போய், எடுத்த பட்டியல் அத்தனையும் போனது.

அடுத்த இரண்டு வாரம் இதையே படித்தேன். இப்போது அதே கோப்புறை, அதே வைஃபை, வேலை ஒரு நிமிடத்துக்குள் முடிகிறது. தோட்டப் பாடசாலை, கோயில் சபை, சங்க அலுவலகம் என்று எங்கேயாவது இதே மாதிரி வேலை உங்கள் தலையில் விழுந்தால், அந்த இரண்டு வாரம் உங்களுக்குப் போகக் கூடாது. அதற்காகத்தான் இது. உயர்தரத்தில் ஐசிடி படித்த அளவுக்குப் பைதன் தெரிந்தால் போதும்.

ஒரு குறிப்பு: கட்டளைகளின் பெயர்களை இங்கே தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். தட்டும்போது அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

1. அனுமதி வாங்குங்கள்

கோப்பைத் திறக்கவே போவதில்லை, பெயரும் தேதியும்தானே என்று நினைக்காதீர்கள். பல இடங்களில் கோப்பின் பெயரே அடையாள அட்டை இலக்கம். 12 இலக்கமுள்ள புதிய அட்டையில் முதல் நான்கு இலக்கம் பிறந்த ஆண்டு; அடுத்த மூன்று அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். ஆக, நீங்கள் எடுக்கும் பட்டியல் ஆயிரக்கணக்கானவர்களின் இலக்கமும் பிறந்த தேதியும் அடங்கிய ஓர் ஆவணம். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், நம்மை நம்பிக் கொடுத்த மக்களின் பத்திரம் இது.

நிலையப் பொறுப்பாளரிடம் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: எந்தக் கோப்புறை, எந்த விவரம், பட்டியல் யாரிடம் இருக்கும், எப்போது அழிக்கப்படும். பத்து நிமிட வேலை. கோப்புறைக்கு வாசிக்கும் உரிமை மட்டும் கேளுங்கள். எழுதும் உரிமை இல்லாவிட்டால் தவறுதலாகக்கூட எதையும் அழிக்க முடியாது.

2. தேவையும் செலவும்

பைதன் இலவசம். விண்டோஸுக்கான கோப்பு ஏறத்தாழ 30 எம்பி, போன் டேட்டாவிலேயே இறக்கிக்கொள்ளலாம். உங்கள் பயனர் கணக்குக்கு மட்டும் நிறுவினால் நிர்வாகிக் கடவுச்சொல் தேவையில்லை. நிறுவும் திரையில் பாத்தில் (கொம்பியூட்டர் நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியலில்) சேர்ப்பதற்கான சிறு பெட்டி ஒன்று இருக்கும். அதில் சரி போட மறந்தால் கறுப்புத் திரையில் பைதன் என்று தட்டும்போது ஆளே இல்லை என்று சொல்லும்.

பழைய கொம்பியூட்டர் என்றால் கவனம். விண்டோஸ் 7இல் ஓடும் கடைசிப் பதிப்பு பைதன் 3.8. புதியதை இறக்கி, அது நிறுவ மறுத்து, டேட்டாவை வீணாக்காதீர்கள். நமக்கு வேண்டிய கட்டளை 2015இல் வந்த 3.5லேயே சேர்ந்துவிட்டது. அதனால் 3.8 தாராளமாகப் போதும்.

3. என்ன விவரம் வேண்டும் என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

இதைச் செய்யாமல் நிரலில் கை வைக்காதீர்கள். ஒரு கோப்பைப் பற்றிய விவரங்களில் இரண்டு ரகம் இருக்கிறது. பெயர், அளவு, தேதிகள், மறைக்கப்பட்டதா, வாசிக்க மட்டுமா என்ற பண்புகள் எல்லாம் கோப்பைத் திறக்காமலே கிடைக்கும். படத்தின் நீள அகலம், பீடிஎஃப்பின் பக்கக் கணக்கு, இரண்டு கோப்பும் ஒன்றுதானா என்ற ஒப்பீடு ஆகியவற்றுக்குக் கோப்பைத் திறந்தே ஆக வேண்டும். திறந்தால் வைரஸ் தடுப்பு மென்பொருளும் கூடவே எட்டிப் பார்க்கும், நேரம் பல மடங்காகும்.

எங்களுக்குத் தேவைப்பட்டது பெயர், அளவு, கடைசியாக மாறிய தேதி, பண்பு. அவ்வளவுதான். யாராவது "அப்படியே பக்கக் கணக்கையும் எடுத்துவிடு தம்பி" என்றால், அதைத் தனி நிரலாக, தனி நாளில் செய்யுங்கள்.

4. மெதுவாவது எங்கே என்று புரிந்துகொள்ளுங்கள்

நான் முதலில் எழுதியது எல்லோரும் எழுதுவதுதான். லிஸ்ட்டிர் கொண்டு பெயர்களை எடுத்தேன். அப்புறம் ஒவ்வொரு பெயருக்கும் இஸ்ஃபைல் என்று கேட்டு அது கோப்பா என்று பார்த்தேன், கெட்சைஸ் கேட்டு அளவை எடுத்தேன், கெட்எம்டைம் கேட்டுத் தேதியை எடுத்தேன். பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் ஒரு கோப்புக்கு மூன்று கேள்வி. 60,000 கோப்புக்கு 1,80,000 கேள்வி. வலையமைப்பில் ஒவ்வொரு கேள்வியும் அந்தக் கொம்பியூட்டருக்குப் போய்த் திரும்ப வேண்டும். எங்கள் இடத்தில் ஒன்றுக்கு ஏறக்குறைய 12 மில்லிசெக்கன் ஆனது. பெருக்கிப் பாருங்கள், 2,160 செக்கன், அதாவது 36 நிமிடம். கொம்பியூட்டர் பழசு என்பதோ, பைதன் மெதுவான மொழி என்பதோ காரணமே இல்லை.

காலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை செக்ரோலை வைத்துக்கொண்டு பெயர் கூப்பிடும்போது, ஆள் வந்ததா, எந்த மலைக்குப் போகிறது என்று எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே குறித்துவிடுவார். பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு, அப்புறம் ஒவ்வொரு லயத்துக்கும் மூன்று முறை நடந்து போய் விசாரித்தால் என்னவாகும்? என் நிரல் அதைத்தான் செய்தது.

விண்டோஸ் ஒரு கோப்புறையின் பட்டியலைக் கொடுக்கும்போது பெயரோடு பண்பு, அளவு, மூன்று தேதிகள் எல்லாவற்றையும் சேர்த்தே கொடுக்கிறது. வலையமைப்பிலும் அப்படித்தான், கட்டுக் கட்டாக வரும். லிஸ்ட்டிர் அதில் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வீசிவிடுகிறது. வீசியதைத்தான் நாம் மறுபடி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

லினக்ஸில் கதை கொஞ்சம் வேறு. அங்கே பட்டியலோடு பெயரும், அது கோப்பா கோப்புறையா என்பதும் வரும். அளவும் தேதியும் வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும். ஆனால் அந்த ஒரு கேள்வியின் பதிலில் எல்லாமே இருப்பதால், மூன்று ஒன்றாகக் குறையும்.

5. ஸ்கேன்டிர் கொண்டு எழுதுங்கள்

வீசாமல் வைத்திருக்கும் கட்டளைதான் ஸ்கேன்டிர். பைதன் 3இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், அதனால் கீழே நான் வைத்த தமிழ்ப் பெயர்கள் அப்படியே ஓடும்.

இம்போர்ட் ஓஎஸ்
வித் ஓஎஸ்.ஸ்கேன்டிர்(இடம்) அஸ் பட்டியல்:
– – ஃபோர் உருப்படி இன் பட்டியல்:
– – – – இஃப் உருப்படி.இஸ்_ஃபைல்():
– – – – – – விவரம் = உருப்படி.ஸ்டாட்()
– – – – – – எழுது(உருப்படி.நேம், விவரம்.எஸ்டி_சைஸ், விவரம்.எஸ்டி_எம்டைம்)

கோடுகள் உள்ளே தள்ளி எழுத வேண்டிய இடைவெளிக்காக மட்டும். எழுது என்பது நீங்கள் எழுதிக்கொள்ளும் சிறு செயற்கூறு, அதை 9ஆவது படியில் சொல்கிறேன்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஸ்கேன்டிர் எழுதிவிட்டு, பழக்கத்தில் உள்ளே ஓஎஸ்.பாத்.கெட்சைஸ் என்று எழுதிவிடுவோம். நிரல் ஓடும், விடையும் சரியாக வரும், ஆனால் பழைய வேகத்துக்கே திரும்பிவிடும். விவரத்தை எப்போதும் அந்த உருப்படியிடமே கேளுங்கள். அது கையிலிருப்பதைத் தரும்.

சி ஷார்ப்பில் எழுதுபவர்களுக்கும் இதே பொறிதான். டைரக்டரி.கெட்ஃபைல்ஸ் வெறும் பெயர்களைத் தரும். டைரக்டரிஇன்ஃபோவின் எனுமரேட்ஃபைல்ஸ் விவரங்கள் நிரம்பிய ஃபைல்இன்ஃபோவைத் தரும். இரண்டாவதை எடுங்கள்.

6. உட்கோப்புறைகள்

பலரும் உடனே ஓஎஸ்.வாக் என்பதற்குப் போவார்கள். அது உள்ளே ஸ்கேன்டிரைத்தான் பயன்படுத்துகிறது, ஆனால் உங்கள் கையில் பெயர்களை மட்டுமே தருகிறது. அளவு வேண்டுமென்றால் மறுபடி கேள்வி கேட்க வேண்டும். ஆகவே நீங்களே ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் முதல் கோப்புறையைப் போடுங்கள். ஒன்றை எடுத்து ஸ்கேன்டிர் செய்யும்போது உள்ளே கோப்புறை கிடைத்தால் அதன் பாத்தை, அதாவது முழு முகவரியை, வரிசையில் சேருங்கள். வரிசை காலியாகும் வரை இதுதான்.

குறுக்கு இணைப்புகளில் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஒரு கோப்புறை தன் மேலிருக்கும் கோப்புறையையே சுட்டினால் நிரல் சுற்றிக்கொண்டே இருக்கும். இஸ்_டிர் கேட்கும்போது ஃபொலோ_சிம்லிங்க்ஸ்=ஃபோல்ஸ் கொடுங்கள். விண்டோஸில் ஜங்ஷன் என்ற இன்னொரு வகை இதில் தப்பிவிடும். பண்பு எண்ணில் (அடுத்த படியில் சொல்கிறேன்) 1024 இருந்தால் அந்தக் கோப்புறைக்குள் இறங்காதீர்கள்.

7. பண்பு எண்ணை வாசிப்பது

விண்டோஸில் விவரம்.எஸ்டி_ஃபைல்_அட்ரிபியூட்ஸ் என்று கேட்டால் ஓர் எண் வரும். பல பண்புகளின் கூட்டுத்தொகை அது. வாசிக்க மட்டும் 1, மறைக்கப்பட்டது 2, கணினிக் கோப்பு 4, கோப்புறை 16, காப்பகக் குறி 32. எண் 38 என்றால் 32+4+2. படங்கள் உள்ள கோப்புறையில் தானாக உருவாகும் தம்ஸ்.டிபி போன்றவை பெரும்பாலும் இப்படி வரும், அவற்றைக் கணக்கில் சேர்க்கத் தேவையில்லை. ஒரு பண்பு இருக்கிறதா என்று பார்க்க, சமன் குறி போடாதீர்கள். பிட் அளவிலான அண்ட் குறியை (&) போடுங்கள். மறைக்கப்பட்டது 34 ஆகவும் இருக்கலாம், 3 ஆகவும் இருக்கலாம்.

ஒன்டிரைவ் கோப்புறை என்றால் 41,94,304 என்ற பண்பையும் பாருங்கள். அது இருந்தால் கோப்பின் உள்ளடக்கம் இந்தக் கொம்பியூட்டரில் முழுமையாக இல்லை, திறந்தால் இணையத்திலிருந்து இறங்கும். விவரம் மட்டும் எடுத்தால் டேட்டா செலவாகாது. திறந்தால், மாதத்துக்கு வாங்கிய டேட்டா ஒரு மத்தியானத்தில் முடியும்.

8. தேதிகளும் தமிழ்ப் பெயர்களும்

எஸ்டி_எம்டைம் தருவது 1970 ஜனவரி 1 முதல் கடந்த செக்கன்கள். டேட்டைம்.ஃப்ரம்டைம்ஸ்டாம்ப் கொடுத்தால் கொம்பியூட்டரின் நேரத்துக்கு மாறும். தேதிகளில் ஐந்தரை மணி நேர வித்தியாசம் தெரிந்தால் எங்கோ நேர வலயம் இலங்கைக்கு அமையவில்லை என்று பொருள். உருவாக்கிய தேதியை நம்பி முடிவெடுக்காதீர்கள். கோப்பைக் கொப்பி செய்த நாளே புதிய கோப்பின் உருவாக்கிய தேதியாகிவிடும். எங்கள் கோப்புகளில் பாதி, உருவாவதற்கு முன்பே மாற்றப்பட்டதாகக் காட்டின. கொம்பியூட்டரை மாற்றியபோது கொப்பி செய்திருக்கிறார்கள், அதுதான் காரணம். ஸ்கேன் செய்த நாளுக்குக் கடைசியாக மாறிய தேதியே அருகில் இருக்கும்.

பென் டிரைவில் உள்ள பிரதியோடு ஒப்பிடுகிறீர்களா? எஃப்ஏடி32 வகை பென் டிரைவில் மாறிய நேரம் இரண்டு செக்கன் கணக்கில்தான் பதிவாகும். இரண்டு செக்கன் வரை வித்தியாசம் இருந்தால் ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சும்மா இருக்கும் கோப்புகளெல்லாம் மாறிவிட்டன என்று பட்டியல் வரும்.

அடுத்தது பெயர்கள், இதில்தான் நான் அதிக நாள் மாட்டிக்கொண்டேன். கொட்டகலை என்று தேடினால் சில கோப்புகள் வரும், சில வராது. கண்ணுக்கு இரண்டும் ஒரே கொட்டகலைதான். விஷயம் என்னவென்றால் யூனிகோடில் கொ என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். விசைப்பலகைக்கு விசைப்பலகை மாறும். யூனிகோட்டேட்டா.நோர்மலைஸ் என்பதில் என்எஃப்சி கொடுத்து இரண்டையும் ஒன்றாக்கிவிட்டு ஒப்பிடுங்கள். ஆனால் கோப்பைத் திறக்கும்போது மாற்றிய பெயரைக் கொடுக்காதீர்கள், அந்தப் பெயரில் கோப்பு கிடையாது. பட்டியலில் மூலப் பெயரை ஒரு நெடுவரிசையிலும் ஒப்பிடும் பெயரை இன்னொரு நெடுவரிசையிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ரீதரன், ஸ்ரீகாந்தன் போன்ற பெயர்களில் உள்ள ஸ்ரீயும் இரண்டு விதமாக எழுதப்படுகிறது. அதை நோர்மலைஸ் சரி செய்யாது. நீங்களே ஒன்றை மற்றதாக மாற்றும் ஒரு வரி எழுத வேண்டும். பெயர்கள் ஆங்கில எழுத்துக் கலவையாக, வாசிக்கவே முடியாமல் இருந்தால், பழைய பாமினி எழுத்துருவில் தட்டியிருப்பார்கள். அவற்றைத் தனியாகப் பிரித்து, பாமினியை யூனிகோடாக மாற்றிப் பாருங்கள்.

9. எழுதிக்கொண்டே போங்கள்

எல்லாவற்றையும் நினைவகத்தில் சேர்த்துக் கடைசியில் எழுதலாம் என்று வைக்காதீர்கள். மழைக் காலத்தில் நம் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. சிஎஸ்வி கோப்பு ஒன்றைத் திறந்து, ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வரி எழுதுங்கள்; 5ஆவது படியில் வந்த எழுது என்ற செயற்கூற்றின் வேலை இதுதான். ஆயிரம் வரிக்கு ஒருமுறை ஃப்ளஷ், அதையடுத்து ஓஎஸ்.எஃப்சிங்க் கொடுங்கள்; எழுதியது வட்டில் பதிய இரண்டும் வேண்டும். பட்டியலை உங்கள் கொம்பியூட்டரிலேயே எழுதுங்கள், வலையமைப்பில் அல்ல.

குறியாக்கத்துக்கு யூடிஎஃப்-8-சிக் என்று கொடுங்கள். வெறும் யூடிஎஃப்-8 கொடுத்தால் எக்செலில் திறக்கும்போது தமிழ் சிதைந்து தெரியும். இன்னொன்று, கோப்பின் பெயரிலிருந்து பின்னொட்டை வெட்டி அடையாள அட்டை இலக்கத்தை மட்டும் எழுதினால், எக்செல் அதை எண் என்று எடுத்து 1.98 என்று தொடங்கும் சுருக்க வடிவில் காட்டும். ஜேபிஜி என்ற பின்னொட்டோடு அப்படியே விட்டுவிடுங்கள், எழுத்தாகவே இருக்கும்.

விவரம் கேட்கும் வரியை ட்ரை, எக்ஸெப்ட் ஓஎஸ்எரர் என்பதற்குள் வையுங்கள். நீங்கள் பட்டியல் எடுக்கும்போதே யாராவது கோப்பை அழிக்கலாம், ஒரு கோப்புறைக்கு உங்களுக்கு உரிமை இல்லாமல் இருக்கலாம். ஒன்று தவறினால் அதன் பெயரைத் தனிக் கோப்பில் குறித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். ஸ்கேன்டிர் வரிக்கும் இதே பாதுகாப்பு வேண்டும்.

10. நேரம் அளப்பது

டைம்.பெர்ஃப்_கவுண்டரை முன்னும் பின்னும் வைத்து அளங்கள். ஆனால் ஒருமுறை ஓட்டிவிட்டு உடனே மறுபடி ஓட்டினால், எதையும் மாற்றாவிட்டாலும் வேகமாக வரும். முதல் ஓட்டத்தில் வாசித்ததைக் கொம்பியூட்டர் நினைவில் வைத்திருக்கும். பழையதையும் புதியதையும் ஒப்பிட வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் முன்னால் மறுதொடக்கம் செய்யுங்கள். முதலில் 500 கோப்புள்ள சிறிய கோப்புறையில் ஓட்டிப் பாருங்கள். முழு ஓட்டத்தை நிலையம் மூடிய பிறகு வையுங்கள், ஸ்கேன் நடந்துகொண்டிருக்கும்போது வேண்டாம்.

11. 0 பைட் என்று வந்தவற்றை மறுபடி பாருங்கள்

விண்டோஸ் பட்டியலில் வரும் அளவு சில நேரம் கொஞ்சம் பழசாக இருக்கும். எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும் கோப்பு, ஒரே கோப்புக்கு இரண்டு பெயர் உள்ள இணைப்பு ஆகியவற்றில் இது நடக்கும். ஆகவே 0 என்று வந்தவற்றுக்கு மட்டும் ஓஎஸ்.ஸ்டாட் என்று பாத்தைக் கொடுத்து நேரடியாக ஒருமுறை கேளுங்கள். சில நூறு கேள்விதான், நேரம் ஆகாது. இதைச் செய்யாமல் யாரையும் தொலைபேசியில் கூப்பிட்டுப் பத்திரத்தோடு வரச் சொல்லாதீர்கள்.

எங்களுக்கு மிஞ்சியது 214 பெயர். ஒவ்வொருவரையும் அழைத்து, அடுத்த முறை டவுனுக்கு வரும்போது பத்திரத்தைக் கையோடு கொண்டு வரச் சொன்னோம், அதற்காக மட்டும் வர வேண்டாம் என்றும் சொன்னோம். பாதிப் பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். எல்லோரும் வந்து முடிந்ததும், அனுமதித் தாளில் எழுதியபடி பட்டியலை என் கொம்பியூட்டரிலிருந்தும் பென் டிரைவிலிருந்தும் அழித்து, தாளில் தேதி போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும்.